ஒரு முழம் உள்ளே தள்ளி

"மேடம், காம்பவுண்டுச் சுவர் பிரச்சினை வந்தா எப்படி ஹேண்டில் பண்றது, நாலு டிப்ஸ் சொல்லுங்க" என்று புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி கேட்டிருந்தார். டிப்ஸ் ஹோட்டலில் வைப்பது. நான் பேரூராட்சிகளில் பொறியாளராகக் குப்பை கொட்டி, இப்போது பசுமலையில் வாக்கிங் போய்க்கொண்டிருக்கும் ஒருத்தி. என்னிடம் டிப்ஸ் கிடையாது. ஒரு சுவர் விழுந்த கதை இருக்கிறது. பொறுமை இருந்தால் கேளுங்கள்.

வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே நீங்கள் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டிருப்பீர்கள். யாராவது ஆபீஸுக்கு வந்து, "உங்க ஆளுக தோண்டுனதுல என் சுவரு விழுந்துருச்சு" என்று சொன்னால், நாம் உடனே, "உங்க சுவரு மொதல்ல சரியான எடத்துலதான் இருந்துச்சா?" என்று திருப்பிக் கேட்போம். கேள்வியோடு நிற்க மாட்டோம். ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ஒன்று தயாராகிவிடும். நஷ்ட ஈடு கேட்டு வந்தவர் அதை மறந்துவிட்டு, மிச்சமிருக்கிற சுவரையாவது காப்பாற்ற அலைய ஆரம்பிப்பார். நம் மேஜை காலியாகிவிடும். இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கிறவர்களோடுதான் என் சர்வீஸ் முழுவதும் டீ குடித்திருக்கிறேன்.

வருகிற எல்லோரும் உத்தமர்கள் என்றும் சொல்ல மாட்டேன். திருப்பரங்குன்றம் பக்கம் ஒரு கடைக்காரர், நாங்கள் ரோடு போட்ட அதிர்வில் தன் கடைச் சுவர் பிளந்துவிட்டது என்று குதித்தார். போய்ப் பார்த்தேன். விரிசலுக்குள் பச்சைப் பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது. "அண்ணே, ரோடு போட்டது போன வாரம். பெயிண்ட் எப்ப அடிச்சீங்க?" என்றேன். அவர் விரிசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டு பால்கோவா வாங்கிக் கொடுத்தார். விரிசலுக்குள் எட்டிப் பாருங்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு யாரையும் பொய்யர் என்றோ உத்தமர் என்றோ முடிவு செய்ய முடியாது.

இனி சுவருக்கு வருகிறேன்.

நாகமலை கண்ணில் படும் தூரத்தில் ஒரு பேரூராட்சி. பெயர் வேண்டாம். அப்போது இருந்தவர்களில் சிலர் இன்னும் சர்வீஸில் இருக்கிறார்கள். நான் மாற்றலில் அங்கே போய்ச் சேர்ந்த அன்று காலையில், என் அறை வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. தோளில் துண்டு போட்டிருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"மேடம், நான் பஞ்சவர்ணம். வாறுகாலு தோண்டுனப்ப சுவரு விழுந்துச்சுல்ல, அந்த வீடு."

எனக்கு அப்போதுதான் மேஜையே காட்டியிருந்தார்கள். எந்த வாறுகால், எந்தச் சுவர் என்று எதுவும் தெரியாது. அவரே சொன்னார். மழைத் தண்ணீர் போக அவர் வீட்டுச் சந்தில் வாறுகாலுக்குப் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள். சுவரை ஒட்டித் தோண்டியதில் அஸ்திவாரம் வெளியே தெரிந்திருக்கிறது. அடுத்த மழைக்குச் சுவர் பள்ளத்துக்குள் சாய்ந்துவிட்டது. மகள் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பதிலாக நோட்டீஸ் வந்திருக்கிறது. சுவரும் அதை ஒட்டிய குளியலறையும் பொது வழியை ஆக்கிரமித்துக் கட்டப்பட்டவை, கெடுவுக்குள் மிச்சத்தையும் அகற்ற வேண்டும், இல்லையென்றால் ஆபீஸே இடித்துவிடும்.

"சுவரு போனாப் போகுது மேடம். நான் சித்தாள் வேலை பாத்தவ. அந்தச் சுவருக்கு நாந்தான் கல்லு சொமந்தேன், கலவை சொமந்தேன். இன்னொரு தடவ சொமந்துக்கிருவேன். பாத்ரூம இடிச்சாலும், பாத்துக்கிருவோம். இதுல எழுதியிருக்கிற சொல்ல மட்டும் எடுத்துருங்க."

"எந்தச் சொல்லு?"

"பொது எடத்த நான் ஆக்கிரமிச்சிட்டேன்னு போட்டிருக்காய்ங்க. தெருவே பாக்க ஒட்டிட்டுப் போய்ட்டாய்ங்க."

அதற்கு மேல் அவர் சொன்னதை முழுதாக எழுத முடியாது, சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய அப்பா அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு அடி நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் வேலை, அடுத்தவர் புஞ்சை ஓரத்தில் குடிசை. நிலத்துக்காரர் எடுக்கச் சொன்னால் குடிசையைப் பிரித்து வேறு ஓரத்தில் போட வேண்டும். அப்படிப் பிரித்துப் போட்டது எத்தனை தடவை என்று அவருக்கே கணக்கில்லை. அந்தக் குடும்பத்தில் முதல்முதலாக நிலம் என்று வந்தது, அரசு காலனி போட்டுக் கொடுத்த இந்த மனைதான். பட்டா பஞ்சவர்ணத்தின் பெயரில் இருக்கிறது. "அடுத்தவன் எடத்துல நிக்காத பொழப்பு இப்பத்தான் வந்துச்சு மேடம். இந்த வயசுல என்னைய எடம் பிடிச்சவன்னு எழுதிட்டாய்ங்களே" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மதியமே போனேன். இதை மட்டும் நீங்கள் அப்படியே பின்பற்றலாம்: ஆபீஸ் ஆட்கள் உங்களுக்குக் கதை சொல்லி முடிக்கும் முன்னால், இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

சந்து சின்னது. சுவர் விழுந்த பக்கம் குளியலறைக்கு மூன்று சுவர்கள்தான் மிச்சம். நாலாவது பக்கத்துக்கு ஒரு பழைய ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டி மறைத்திருந்தார்கள். பேனரில் அந்த வார்டு கவுன்சிலரே கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால்தான் அந்த வீட்டுப் பெண்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

மகள் கவிதா அங்கேதான் இருந்தாள். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என்னைப் பார்த்ததுமே, "நாங்க கோர்ட்டுக்குப் போறோம் மேடம். நீங்க அங்க வந்து பதில் சொல்லுங்க" என்றாள். நியாயமான கோபம். நான் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பள்ளம் சந்தின் முனையிலிருந்து நேராக வந்தது. பஞ்சவர்ணம் வீட்டுப் பக்கத்தில் மட்டும் வளைந்து, அவர் சுவரை உரசிக்கொண்டு போய், தாண்டியதும் மறுபடி நேராகியிருந்தது. எதிரே ஒரு மாடி வீடு. அதன் கிரானைட் படிக்கட்டும் பைக் ஏற்றும் சாய்தளமும் சந்துக்குள் நன்றாகக் கால் நீட்டியிருந்தன. அது கவுன்சிலர் வீடு என்று கவிதா சொன்னாள். சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும்.

கான்ட்ராக்டர் வந்து சேர்ந்தார். "வீக்கான சுவரு மேடம், தொட்டதும் விழுந்துருச்சு."

"அது இருக்கட்டும்ணே. பள்ளம் இங்க மட்டும் ஏன் வளையுது?"

"அந்தப் பக்கம் தரை இறுக்கம் மேடம். பொக்லைன் எறங்கல."

"கிரானைட் இறுக்கமாத்தான் இருக்கும்" என்றேன். அவர் செல்போனை எடுத்து, வராத அழைப்பில் பேசிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

ஆபீஸுக்குத் திரும்பி, செயல் அலுவலரிடம் நிலத்தை அளக்கலாம் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெறப் போகிறவர், எந்த ஃபைலும் தன் தலையில் விழாமல் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே அவருடைய பிரார்த்தனை. "நோட்டீஸ் குடுத்தாச்சு. அப்படியே கெடக்கட்டும்மா. இடிக்கவும் வேணாம், எடுக்கவும் வேணாம். நாளைக்கு அவுங்க கேஸ் போட்டா நமக்கு அது ஒரு பாதுகாப்பு" என்றார்.

"சார், அளந்து பாத்துட்டா குடுத்தோம்?"

"அளக்கல. ஆனா அந்தச் சந்துல எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் வெளிய வந்துதான் இருக்காங்க. இவங்க மட்டும் வராமயா இருப்பாங்க?"

இந்த வாக்கியத்தை நீங்கள் அடிக்கடி கேட்பீர்கள். எல்லோரும் செய்கிறார்கள், ஆகவே இவரும் செய்திருப்பார். நம் ஆபீஸ்கள் பாதி இந்த நம்பிக்கையில்தான் ஓடுகின்றன. நான் சொன்னேன்: "வந்திருந்தா அளவுல தெரியட்டும் சார். அப்ப நானே நின்னு இடிக்கிறேன். வரலேன்னா நாம ஒரு பொம்பளையத் திருடின்னு தெருவுல ஒட்டி வச்சிருக்கோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "அளவு நமக்கு எதிரா வந்தா நீங்கதான் பேசிக்கணும்" என்றார். அனுமதி இப்படித்தான் கிடைக்கும். எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து ஒரு தடை வந்தது. பஞ்சவர்ணமே வேண்டாம் என்றார். தாலுகா ஆபீஸ் சர்வேயர் வந்து அளப்பார் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. மகள் உள்ளே போன நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "மேடம், அளந்தா என் எடம் கொறஞ்சிருமா?"

"இருக்கிறது எப்படிங்க குறையும்?"

"எங்க அப்பா காலத்துல இருந்து பாக்குறேன். அளக்க வந்தாய்ங்கன்னா எங்களுக்குக் கொறையத்தான் செய்யும். கூடுனதே இல்ல."

அவர் வாழ்க்கையில் டேப் என்பது எப்போதும் எதிராளியின் கையில் இருந்த பொருள். அந்தப் பயத்துக்கு நான் என்ன சமாதானம் சொல்ல முடியும்? குறையாது என்று உத்தரவாதம் கொடுக்கவும் எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் எனக்கும் தெரியாது. "என்ன வருதோ அத உங்க முன்னாலயே சொல்லுவேன். மறைக்க மாட்டேன். அது மட்டும்தான் என்னால முடியும்" என்றேன். அவர் தலையாட்டினார்.

ஒரு சனிக்கிழமை காலை, எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து அளவை வைத்தோம். சர்வேயர் அப்பாஸ் வந்தார். மதுரை டவுனுக்குள் பரம்பரையாக ஜவுளிக் கடை வைத்திருக்கிற குடும்பம். கடையில் உட்காரப் பிடிக்காமல் கவர்மென்ட் வேலைக்கு வந்தவர். நானும் அவரும் முன்பு வேறொரு ஊரில் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறோம். கவுன்சிலர் தன் கிரானைட் படியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பேரூராட்சித் தலைவரும் வந்துவிட்டார். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. வாறுகால் முடியாமல் மழை பிடித்தால் அந்தத் தெரு முழுக்க வீட்டுக்குள் தண்ணீர் போகும். ஏச்சு வாங்கப் போகிறவர் அவர்தான்.

அப்பாஸ் தெருமுனை சர்வே கல்லிலிருந்து டேப் பிடித்து வந்தார். பஞ்சவர்ணத்தின் மனைக்கு வந்ததும் டேப் விழுந்த சுவரின் அஸ்திவாரத்தைத் தாண்டியது. தாண்டிப் பள்ளத்தின் மேலே போனது. அவர் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து அளந்தார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"மேடம், கொஞ்சம் இங்கிட்டு வாங்க." பள்ளத்து மண்மேட்டுக்குப் பின்னால் போனோம். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவுங்க எடம் சுவரோட முடியல. சுவருக்கு வெளிய இன்னும் ஒரு முழம் இருக்கு. நீங்க தோண்டியிருக்கிறது அவுங்க மனைக்குள்ள. இப்பச் சொல்லட்டா, இல்ல திங்கக்கெழம ஆபீஸ்ல வச்சுச் சொல்லட்டா? உங்களுக்கு எது நல்லதுன்னு சொல்லுங்க. நான் அப்படிச் செய்யிறேன்."

நல்ல மனசோடுதான் கேட்டார். என்னைக் காப்பாற்றப் பார்த்தார். நான் மண்மேட்டுக்குப் பின்னாலேயே நின்று கணக்குப் போட்டேன். தலைவர் இருக்கிறார், கவுன்சிலர் இருக்கிறார், மாற்றலில் வந்த சூடே ஆறவில்லை. மாற்றல் உத்தரவு ஒன்று வந்தால் வீட்டைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் போக வேண்டும். திங்கட்கிழமை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஆனால் திங்கட்கிழமை என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அப்பாஸுக்கு நாலு போன் வரும். ஒரு முழம் அரை முழமாகும், அரை முழம் 'ஏறத்தாழ' என்றாகும். கடைசியில் 'எல்லைக்கற்கள் காணப்படாததால் எல்லை தெளிவாக இல்லை' என்று ஒரு வரி வரும். பஞ்சவர்ணம் பயந்தது சரிதான் என்று ஆகிவிடும். அளந்த இடத்தில் சொல்லாத அளவு, ஆபீஸ் போய்ச் சேரும்போது வேறு அளவாகிவிடுகிறது. என் சர்வீஸில் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

"இப்பயே சொல்லுங்க" என்றேன். அவர் தயங்கியதால் நானே திரும்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். இந்தம்மா பொது இடத்தில் ஒரு அங்குலம் கூட வரவில்லை. அவர் சுவர் அவர் மனைக்குள் ஒரு முழம் உள்ளே தள்ளித்தான் இருந்திருக்கிறது. பேரூராட்சிதான் அவர் இடத்துக்குள் வந்து தோண்டியிருக்கிறது.

கவுன்சிலர் முதலில் வாயைத் திறந்தார். "கல்லு எங்க? கல்லே இல்லாம எப்படிச் சொல்றீங்க?"

"எந்தக் கல்லு?" என்று பஞ்சவர்ணம் கேட்டார். அப்பாஸ் கையால் அளவு காட்டினார்: இத்தனை நீளம், மேலே அம்புக்குறி வெட்டியிருக்கும்.

"அட, அதா? தோண்டுறப்ப பள்ளத்துல இருந்து வாரிப் போட்டாய்ங்க. நல்ல கல்லா இருக்கேன்னு நாந்தான் எடுத்து பாத்ரூம் வாசல்ல மிதிக்கப் போட்டிருக்கேன்."

போய்ப் பார்த்தோம். எல்லைக்கல்லேதான். அம்புக்குறிக்குள் சோப்பு நுரை காய்ந்து கிடந்தது. அப்பாஸ் அதைக் கழுவிவிட்டு, யாரையும் பார்க்காமல், "இது இந்த மனைக் கல்லுதான்" என்றார்.

கவிதா தன் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, வெளிய ஒரு முழம் நம்ம எடம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நானும் உங்கப்பாவும்தானே உள்ள தள்ளிக் கட்டுனோம்."

"அத ஏம்மா ஆபீஸ்ல சொல்லல? நான் புகார் எழுதுறப்பயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"என்னத்தச் சொல்ல? கோட்டு மேல கட்டுனா எவனாச்சும் சண்டைக்கு வருவான், நம்மகிட்ட பேச ஆளு இல்லன்னு உங்கப்பாதான் உள்ள தள்ளச் சொன்னாரு. நம்ம ஆளுக எல்லாம் அப்படித்தான் கட்டியிருக்கோம். அது நாங்க விட்டுட்ட எடம்."

நான் பொறியாளர். நிலம், அளவு என்று வாழ்ந்தவள். யாராவது ஒரு முழம் வெளியே வருவார்கள் என்று எப்போதும் சந்தேகப்படப் பழகியவள். சண்டைக்குப் பயந்து ஒரு முழம் உள்ளே போகிறவர்களும் இருக்கிறார்கள், ஒரு காலனியே அப்படி இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் சமாதானத்துக்காக விட்டுவைத்த இடத்தில் பள்ளம் தோண்டி, அவர் மனைவியை ஆக்கிரமிப்பாளர் என்று எழுதியிருக்கிறோம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆபீஸுக்காக வெட்கப்படுவதும் நம் சம்பளத்தில் சேர்ந்ததுதான்.

கவுன்சிலர் அந்தக் கடைசிச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா! அந்தக்காவே விட்டுட்ட எடம்னு சொல்லிருச்சு. விட்டா விட்டதுதான். வாறுகாலு இப்படியே போகட்டும்."

தலைவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அவர் பஞ்சவர்ணத்திடம் மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, அந்த ஒரு முழத்தப் பேரூராட்சிக்குன்னு எழுதிக் குடுத்துருங்க. நோட்டீஸ எடுத்துருவோம். சுவரும் கட்டித் தாரோம். உங்களுக்கும் பிரச்சினையில்ல, எங்களுக்கும் பிரச்சினையில்ல. மழை வேற வருது."

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். எல்லோருக்கும் ஏதோ கிடைக்கிறது. பஞ்சவர்ணம் தலையாட்டத் தொடங்கிவிட்டார். கவிதா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தலைவரே, ஒரு நிமிஷம்" என்றேன். "நோட்டீஸ் தப்பு. தப்புங்கிறதால எடுக்கிறோம். அதுக்கு அவுங்க எதுவும் தர வேண்டியதில்ல. சுவர நாம ஒடச்சோம். ஒடச்சதால கட்டுறோம். அதுக்கும் எதுவும் தர வேண்டியதில்ல. இது ரெண்டும் முடியட்டும். அப்புறம் போய் எடம் கேப்போம். குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி."

கவுன்சிலர் படியை விட்டு இறங்கி வந்தார். "நீங்க ஆபீஸ் ஆளா, இந்தக்கா ஆளா?"

"ஆபீஸ் ஆளுதான். அதனாலதான் சொல்றேன். வீட்ட இடிச்சிருவோம்னு ஒட்டி வச்சிட்டு, அது பக்கத்துலயே நின்னு எடத்த எழுதி வாங்குனா, அதுக்குப் பேரு தானம் இல்ல. நாளைக்கு யாராச்சும் கோர்ட்டுல கேட்டா கையெழுத்துப் போட்ட நாந்தான் கூண்டுல நிக்கணும். உங்கள யாரும் கூப்புட மாட்டாய்ங்க."

தலைவர் மேகத்தைப் பார்த்தார். அவர் அரசியல்வாதி, ஆனால் கணக்குத் தெரிந்தவர். அந்தச் சந்தில் எத்தனை வீட்டு ஜன்னல்கள் திறந்திருக்கின்றன என்பதையும் பார்த்தார். கடைசியில், "மேடம் சொல்றபடி செய்யுங்க. மழைக்கு முன்னால முடிங்க, அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாம் திருத்த வேண்டிய தப்பையும், நமக்கு வேண்டிய உதவியையும் ஒரே பேச்சில் கலக்காதீர்கள். கலந்தால் வேலை சீக்கிரம் முடியும், அதை மறுக்கவில்லை. ஆனால் எதிரே நிற்பவருக்குத் தன் சொந்த நியாயமே நாம் போட்ட பிச்சை மாதிரி ஆகிவிடும்.

நோட்டீஸை ஒட்டியவர்களையே அனுப்பினேன். அவர்களே அதைக் கிழித்து, ரத்து உத்தரவை அதே இடத்தில் ஒட்டினார்கள். கவிதா அதைச் சத்தமாக வாசித்தாள். 'மேற்படியார் பொது இடம் எதையும் ஆக்கிரமிக்கவில்லை' என்ற வரியை மட்டும் பஞ்சவர்ணம் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரம்மா, "எனக்குக் கேக்கல, இன்னொருக்கா வாசி" என்றார். அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும்.

சுவர் கட்டுவது கான்ட்ராக்டர் பொறுப்பு. அவர் போட்ட ஒப்பந்தத்திலேயே பக்கத்துக் கட்டடத்துக்குச் சேதம் வந்தால் அவர்தான் சரிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான். முணுமுணுத்துக்கொண்டே கொத்தனாரை அனுப்பினார். சுவர் எங்கே வந்தாலும், கட்டும்போது பக்கத்தில் திறந்த பள்ளம் இருக்கக் கூடாது என்பதால், அவர் மனைக்குள் தோண்டியதை மூடி, தண்ணீர் ஊற்றிக் கெட்டிப்படுத்தினோம். அப்பாஸ் அந்தக் கல்லை அதன் பழைய இடத்திலேயே நட்டு, எதிர்வீட்டுப் படி சந்துக்குள் எவ்வளவு வந்திருக்கிறது என்பதையும் அளந்து கொடுத்தார்.

கவுன்சிலர் சும்மா இருக்கவில்லை. அவர் மனைவி சுவர் வேலை தொடங்குவதற்கு முந்தின நாள் சாயங்காலமே பஞ்சவர்ணத்திடம் வந்து பேசியிருக்கிறார். பழைய அஸ்திவாரத்து மேலேயே கட்டிக்கொண்டால் வாறுகால் வளைந்தே போகலாம், படிக்கட்டு தப்பிக்கும். "அக்கா அக்கான்னு கையப் பிடிச்சுக்கிட்டு அம்புட்டு நேரம் பேசுச்சு மேடம்" என்று பஞ்சவர்ணம் என்னிடம் சொன்னார். என்ன பதில் சொன்னார் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால், என் பதிலை அவர் வாயில் வைப்பது போல் ஆகிவிடும் என்று பயந்தேன். அவர் விட்டுக் கொடுத்தால் வாறுகால் வளைந்து போகும், அது அவர் இஷ்டம் என்று மனதைத் தயார் செய்துகொண்டுதான் மறுநாள் போனேன்.

கொத்தனார் நூல் கட்டத் தயாராக இருந்தார். அவரும் அந்தக் காலனி ஆள்தான், பஞ்சவர்ணத்தின் புருஷனோடு சேர்ந்து வேலை பார்த்தவர். பழைய அஸ்திவாரத்தைக் காட்டி, "அக்கா, முன்ன மாதிரியே ஒரு முழம் உள்ள தள்ளிக் கட்டிருவோமா? பின்னால பிரச்சினை வராது" என்றார்.

கவிதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைத் தொட்டு நிறுத்தினேன். எதிர்வீட்டு மாடியில் திரை கொஞ்சம் விலகியது.

பஞ்சவர்ணம் நூல்கண்டைக் கொத்தனாரிடமிருந்து வாங்கினார். சித்தாள் கைக்கு நூல் பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா? கல்லில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். கண்டைப் பிரித்துக்கொண்டே அடுத்த முனைக்கு நடந்துபோய் இழுத்துப் பிடித்தார்.

"உள்ள தள்ளிக் கட்டியுந்தான் பிரச்சினை வந்துச்சே. கல்லு மேலயே கட்டு" என்றார்.

நான் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனேன். கிரானைட் படியில் எதுவரை வெட்ட வேண்டும் என்று குனிந்து குறி வைத்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து பஞ்சவர்ணத்தின் குரல் கேட்டது.

"மேடம், அங்கயும் கோடு நேரா வரணும்."